வாய், கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு தையல் பிரிவது ஏன்? அப்பாவுக்கு இன்னும் 24 நாள் இருக்கிறது

கோட்டையூர் மகள்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. இடது கன்னத்தின் உட்பக்கம் புற்று என்று பயாப்ஸியில் வந்துவிட்டது. மதுரையில் ஆபரேஷன், தேதியும் கொடுத்துவிட்டார்கள், இன்றிலிருந்து 24 நாள். கன்னத்தையும் கீழ்த்தாடையில் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டு, கழுத்தில் இருக்கிற நெறிக்கட்டிகளையும் எடுத்து, நெஞ்சுத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து அந்த இடத்தை மூடப் போகிறார்களாம். அதற்கப்புறம் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள்.

ஆபரேஷனை நினைத்துக்கூட எனக்கு அவ்வளவு பயமில்லை, அதற்குப் பிறகு வருவதை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியப்பாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஆபரேஷன் நடந்தது. எட்டாம் நாள் கழுத்துத் தையல் சிவந்து, பிரிந்து, வாயில் ஊறுகிற எச்சில் கழுத்து வழியாக ஒழுக ஆரம்பித்தது. இரண்டு மாதம் கட்டு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். புண் ஆறாமல் கரண்ட் வைக்க முடியாது என்று நாள் தள்ளித் தள்ளிப் போய், அதற்குள் நோய் திரும்பிவிட்டது. அவர் இப்போது இல்லை. அந்த வீட்டில் இன்றைக்கும் டாக்டரின் கையைத்தான் குறை சொல்கிறார்கள். அது உண்மையா என்று எனக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் அப்பாவுக்கும் சுகர் உண்டு, கடைசியாக எடுத்த மூன்று மாத சராசரி (HbA1c) 9.8. ஆறு மாதத்தில் 64 கிலோவிலிருந்து 53க்கு வந்துவிட்டார். மில்லில் கணக்கு எழுதிய காலத்திலிருந்து வெற்றிலையும் புகையிலையும். இந்த 24 நாளில் நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

தேவகோட்டை பெரியவர்:
அம்மாடி, தைரியமாக இரு. கத்தி பட்ட உடம்புக்குப் பத்தியம் முக்கியம். முட்டை, மீன், பருப்பு, கத்திரிக்காய் எதுவும் கூடாது, சீழ் வைக்கும். இப்போதிருந்தே நிறுத்திவிட்டால் நல்லது. இட்லி, பூண்டு ரசம், கஞ்சி. எங்கள் அம்மா அப்படித்தான் எங்களைப் பார்த்துக்கொண்டார்.

வார்டு சிஸ்டர்:
பெரியவர் மன்னிக்க வேண்டும். உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் இந்தப் பத்தியத்தால் ஆறாமல் போன புண்களை நான் என் கையால் கட்டு மாற்றியிருக்கிறேன், அதனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் கல்லல் பக்கம். 14 வருஷமாகப் புற்றுநோய் ஆபரேஷன் வார்டில் நர்ஸ். கோட்டையூர் தங்கச்சி, முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். டாக்டரின் கையும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் புண் பிரியும், எது ஒட்டும் என்பதில் பெரும்பங்கு நோயாளி தியேட்டருக்குள் போகும்போது எப்படிப்பட்ட உடம்போடு போகிறார் என்பதில் இருக்கிறது. சுகர், இளைப்பு, ரத்தசோகை, பீடி சிகரெட், முன்னால் வைத்த கரண்ட், வாய்க்குள் இருக்கிற அழுக்கு. இவற்றில் பலவற்றை முன்கூட்டியே கொஞ்சமாவது சரிசெய்ய முடியும். உங்களுக்கு 24 நாள் கிடைத்திருக்கிறது. அதைக் காத்திருக்கும் நாட்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிகிச்சை இன்றைக்கே தொடங்கிவிட்டது, அதை நடத்தப்போவது நீங்கள்.

அப்பாவின் விவரத்தில் என்னை முதலில் உறுத்துவது சுகரைவிட எடை. 64இல் 11 கிலோ என்றால் நூற்றுக்குப் 17. ஆறு மாதத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இறங்கினாலே ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கல்கள் கூடும் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். தையல் நூல் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. நடுவில் புதுச் சதை வளர்ந்து ஒட்ட வேண்டியது உடம்பின் வேலை, அதற்குப் புரதம் வேண்டும். அப்பாவின் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு என்று பாருங்கள். 3.5க்குக் கீழே இருந்தால் கவனம். ஆனால் ஒன்று, ஆல்புமின் பாட்டில் வாங்கி ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் காசைக் கொட்டாதீர்கள். அந்த எண் உடம்பு எவ்வளவு நலிந்திருக்கிறது, உள்ளே எவ்வளவு அழற்சி இருக்கிறது என்பதைக் காட்டுகிற அடையாளம். எண்ணை ஏற்றுவதால் உடம்பு தேறாது, சாப்பிட்டால்தான் தேறும்.

கணக்கு சொல்கிறேன். இந்த நிலையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 53 கிலோவுக்கு 1.5 வைத்தால் ஒரு நாளைக்கு 80 கிராம். நாலு முட்டை 24, முக்கால் லிட்டர் பால் 24, நூறு கிராம் மீன் 20, அரை ஆழாக்குக்கும் குறைவான பருப்பு, அதாவது 50 கிராம், அதில் 12. கூட்டினால் 80 வந்துவிடும். இப்போது இட்லி, பூண்டு ரசம், கஞ்சியைக் கூட்டிப் பாருங்கள். கால்வாசிக்கு வருவதே கஷ்டம். சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோட்டையூர் மகள்:
சிஸ்டர், ரொம்ப நன்றி. அப்பாவால் வாயைத் திறக்கவே முடியவில்லை, இரண்டு விரல்தான் போகிறது, காரம் பட்டால் கண்ணில் தண்ணீர் வருகிறது. அம்மா எடை ஏற வேண்டும் என்று தினமும் கும்மாயம் கிண்டிக் கொடுக்கிறார்கள், கவுனி அரிசியும். கவுனி சுகருக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்களே?

வார்டு சிஸ்டர்:
கவுனி அரிசி தவிட்டோடு இருப்பதால் வெள்ளை அரிசியைவிடத் தேவலாம்தான், ஆனால் நம் வீடுகளில் கவுனி என்றால் சர்க்கரையும் தேங்காயும் சேர்த்துத்தானே தட்டுக்கு வருகிறது. கும்மாயமும் அப்படியே. உளுந்தும் பாசிப்பயறும் வறுத்து அரைத்த மாவு தங்கமான சாப்பாடு, கெடுப்பது அதில் போடும் கருப்பட்டி. அம்மாவிடம் சொல்லுங்கள், அதே மாவைப் பாலிலோ மோரிலோ கரைத்து, உப்பும் ஒரு கரண்டி நெய்யும் விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சட்டும். வாய் எரியாது, உறிஞ்சியே குடித்துவிடலாம். முட்டையை வேகவைத்துக் கஞ்சியோடு மிக்ஸியில் அடித்துவிடுங்கள். மீனும் அப்படித்தான், முள் எடுத்து, மிளகாய் இல்லாமல். ஒரு வாரம் முயன்றும் உள்ளே போகவில்லை என்றால் மூக்கு வழியாக ரைல்ஸ் ட்யூப் போட்டு ஊட்டச் சொல்லி நீங்களே கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே ட்யூப் போடுவதில் தப்பே இல்லை.

சிராவயல் டாக்டர்:
நான் தலை, கழுத்து அறுவை சிகிச்சையில் பயிற்சியில் இருக்கிறேன். சிஸ்டர் சொன்னதோடு சேர்த்து சில விஷயங்கள்.

கழுத்தில் மட்டும் வெட்டி மூடினால், உதாரணமாகத் தைராய்டு கட்டி, அங்கே கிருமி கிடையாது, புண் பெரும்பாலும் தொந்தரவில்லாமல் ஆறிவிடும். வாய்ப்புற்று ஆபரேஷன் அப்படியல்ல. தாடையை எடுத்தவுடன் வாயும் கழுத்தும் ஒரே அறையாகிவிடுகிறது. கோடிக்கணக்கான கிருமிகளோடு எச்சில் மேலிருந்து இறங்குகிறது, கீழே மூளைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய் திறந்தபடி கிடக்கிறது. நடுவில் நாங்கள் போடும் தையலும் கொண்டுவந்து வைக்கும் தசையும்தான் சுவர். நெஞ்சுத் தசையை இப்படிப் பயன்படுத்தும் முறையை 1979இல் ஸ்டீஃபன் ஆரியன் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்தார், நம் ஊர்களில் இன்றைக்கும் ஏராளமாகச் செய்வது அதுதான், நம்பகமானது. ஆனால் அந்தத் தசைக்கு ரத்தம் ஒரே பக்கத்திலிருந்துதான் வரும், வாய்க்குள் போய் உட்காருகிற நுனிக்கு ரத்தம் குறைவாகவே போகும். அந்த நுனியில்தான் சுகரும் புகையும் விளையாடும்.

சுகர் கூடினால் கிருமியைத் தின்னும் வெள்ளையணுக்கள் மந்தமாகிவிடும், நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஏற்கெனவே கெட்டிருக்கும். 9.8 என்பது மூன்று மாத சராசரி, அதை 24 நாளில் 7க்குக் கொண்டுவர முடியாது, முயலவும் வேண்டாம். ஆனால் தினசரி சுகரைக் கொண்டுவர முடியும். மாத்திரையோடு நிற்காமல் இன்சுலினுக்கு மாற்றச் சொல்லி இந்த வாரமே சுகர் டாக்டரைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் 140க்கும் 180க்கும் நடுவில் வைத்திருக்கப் பார்ப்போம். இன்னொன்றும் முக்கியம், அப்பா சாப்பிடும் சுகர் மாத்திரைகளில் ‘க்ளிஃப்ளோசின்’ என்று முடிகிற பெயர் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் சுகர் சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள், மாத்திரை அட்டையோடு போய்க் கேளுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவானாலும் அதையும் காட்டுங்கள், தோலுக்கடியில் ரத்தம் கட்டிக்கொண்டாலும் தையல் பிரியும்.

ஆன்டிபயாடிக் பற்றி எல்லா வீட்டாரும் கேட்பார்கள், ‘பத்து நாளைக்கு ஊசி போடுங்கள் சார், பணம் பரவாயில்லை’ என்று. கத்தி வைப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊசி போயிருக்க வேண்டும், அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அதன்பிறகு 24 மணி நேரம் போதும் என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. பத்து நாள் போட்டால் சீழ் குறைவதில்லை, மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். அப்புறம் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று அப்பா சீட்டில் எழுதியிருந்தால், அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது, வயிற்றுப்போக்கா, உடம்பெல்லாம் தடித்ததா, மூச்சு முட்டியதா என்று விவரமாகச் சொல்லுங்கள். அலர்ஜி என்ற ஒரு வார்த்தைக்காக பென்சிலினுக்குப் பதிலாக க்ளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் போடப்படுகிறவர்களுக்கு இந்த ஆபரேஷன்களில் சீழ் வைப்பது அதிகம்.

புதுவயல் மில்காரர்:
படிக்கும்போதே கை நடுங்குகிறது. நான் இந்த ஆபரேஷன் முடிந்து நாலு வருஷம் ஆனவன். அம்மா, உன் அப்பாவிடம் இதை உட்கார்ந்து படித்துக் காட்டு.

நான் ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி, சாயந்திரம் குவார்ட்டர். டாக்டர் கேட்டபோது பீடியை ஒத்துக்கொண்டேன், குடியைச் சொல்லவில்லை, கூட என் மருமகன் நின்றுகொண்டிருந்தான், வெட்கம். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் ராத்திரி உடம்பு உதற ஆரம்பித்தது. சுவரில் பூச்சி ஊர்வது போலத் தெரிந்ததாம், நான் கத்தினேனாம், மூச்சுக்காகத் தொண்டையில் போட்ட குழாயால் சத்தம் வராமல் கையைக் காலை உதைத்தேனாம். மூக்குக் குழாயையும் கழுத்தில் இருந்த டிரெயினையும் (புண்ணில் ஊறும் நீரை வடிக்கிற குழாய்) நானே பிடுங்கியிருக்கிறேன். தாடைக்குக் கீழே மூன்று தையல் தெறித்துவிட்டது. குடியைத் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் இப்படி வரும், முன்பே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுத்திருப்போம் என்று மயக்க டாக்டர் பிறகு சொன்னார். நான் சொல்லியிருந்தால், அதற்குப் பிறகு புண் ஆறாமல் கிடந்த ஐந்து வாரம் எனக்கு மிச்சமாகியிருக்கும். என் மனைவிக்கும்.

உன் அப்பா குடிப்பவர் இல்லை என்றால் நல்லது. குடிப்பவர் என்று உனக்குத் தெரியும், அவர் சொல்ல மாட்டேன் என்றால், நீ தனியாகப் போய் மயக்க டாக்டரிடம் சொல்லிவிடு. காட்டிக்கொடுக்கிறோமே என்று நினைக்காதே.

வார்டு சிஸ்டர்:
அண்ணே, இதை எழுதியதற்கு உங்களுக்குக் கோடி புண்ணியம். வார்டில் நான் பார்த்த பிரிந்த தையல்களில் இந்தக் கதை பலருக்கு உண்டு, வெளியே சொல்பவர் யாருமில்லை.

பீடி பற்றியும் சொல்கிறேன். நிகோடின் நுண்குழாய்களைச் சுருக்கும், புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாலு வாரம் முன்னால் நிறுத்தினால் புண் ஆறுவதில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். மூன்று வாரம்தான் இருக்கிறது என்றாலும் இன்றைக்கே நிறுத்துங்கள். ஆபரேஷன் நெருங்கும்போது நிறுத்தினால் சளி கூடி ஆபத்து என்று ஒரு பேச்சு உண்டு, அதை நம்பி இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கோட்டையூர் மகள்:
குடி இல்லை. பீடியும் இல்லை. புகையிலைதான். பயாப்ஸி வந்த அன்றைக்கே விட்டுவிட்டேன் என்கிறார், ஆனால் நேற்று சட்டை துவைக்கும்போது பையில் பொட்டலம் இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. ‘பாக்கு மட்டும் போட்டுக்கொள்கிறேன் பாப்பா, புகையிலை இல்லை’ என்கிறார்.

பல் டாக்டர், காரைக்குடி:
பாக்கும் கூடாது அம்மா. பாக்கு தனியாகவே புற்றை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. அப்பாவுக்கு வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்காததற்கும் பாக்கு ஒரு காரணமாக இருக்கலாம், கன்னத்தின் உட்சதை நார்நாராக இறுகிவிடும். நம் பக்கம் விசேஷ வீட்டுக்குப் போனாலும் வெற்றிலைத் தட்டைத்தான் முதலில் நீட்டுகிறோம். இந்த மூன்று வாரம் உங்கள் வீட்டில் அந்தத் தட்டையே கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள், வருகிறவர்களுக்கும் வேண்டாம். தனியாக விட முடியவில்லை என்றால் புகையிலைப் பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கிற 1800-11-2356க்கு அவரையே பேச வையுங்கள், கட்டணம் கிடையாது.

நான் எழுத வந்தது வாயைப் பற்றி. தையலுக்கு மேலே இருக்கப்போவது எச்சில், அந்த எச்சிலில் என்ன இருக்கிறது என்பது பல்லைப் பொறுத்தது. காறை ஏறி, ஈறு சீழ் பிடித்து, இரண்டு பல் ஆடிக்கொண்டிருக்கிற வாயோடு தியேட்டருக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். உங்கள் ஆபரேஷன் டாக்டரிடம் கேட்டுவிட்டு இந்த வாரமே ஒரு பல் மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டி இருக்கிற பக்கத்தில் யாரும் கை வைக்க வேண்டாம், மற்ற பக்கம் சுத்தம் செய்யலாம். எடுக்க வேண்டிய பல் எது என்பதை ஆபரேஷன் டாக்டர், கரண்ட் டாக்டர், பல் டாக்டர் மூவரும் முன்பே பேசிவைக்க வேண்டும். கரண்ட் தொடங்க இரண்டு வாரமாவது இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும், கரண்ட் வைத்த தாடையில் பின்னால் பிடுங்கினால் எலும்பே செத்துப்போகலாம். வீட்டில் மிருதுவான பிரஷ், குழந்தைகளுக்கு விற்பது வாங்கினால் அந்த இரண்டு விரல் இடைவெளியில் போகும். டாக்டர் எழுதிக்கொடுத்தால் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு. உப்புநீர் எத்தனை தடவை வேண்டுமானாலும்.

பள்ளத்தூர் பேரன்:
ஆச்சி, எங்கள் ஐயாவுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் அப்பாவுக்கு நேரடியாகப் பொருந்தாது, ஆனால் இந்த இழையைப் பிறகு தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

ஐயாவுக்குக் குரல்வளையில் புற்று. முதலில் கரண்ட்தான், 35 தடவை, 7 வாரம், மொத்தம் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). குரல் பிழைத்தது, எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டு வருஷத்தில் அதே இடத்தில் திரும்பி வந்தது, குரல்வளையையே எடுக்க வேண்டியதாயிற்று. கரண்ட் பட்ட கழுத்து வெளியே பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தது. உள்ளே நுண்குழாய்கள் அடைபட்டு, சதை மரக்கட்டை மாதிரி ஆகியிருந்தது என்று ஆபரேஷன் முடித்து வந்த டாக்டர் சொன்னார். ஒன்பதாம் நாள் கழுத்தில் ஒரு ஊசித் துளை அளவுக்கு எச்சில் வந்தது. மூன்று நாளில் சுண்டுவிரல் போகும் அளவுக்கு ஆகிவிட்டது. கரண்டுக்குப் பிறகு குரல்வளை எடுக்கிறவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு இப்படி ஆகும், கரண்டே வைக்காதவர்களுக்கு இதைவிட நன்றாகவே குறைவு என்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம்.

மூன்று வாரம் எதுவும் ஆறவில்லை. பிறகு வந்த வேறொரு டாக்டர் ஐயாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, முகம் உப்பலாக இருக்கிறதே, எப்போதும் குளிர்கிறது என்கிறாரே, தைராய்டு எடுத்தீர்களா என்று கேட்டார். யாரும் எடுக்கவில்லை. தைராய்டு குறைந்தால் ஏறுகிற டிஎஸ்ஹெச் என்ற ரத்த அளவு 38 வந்தது, ரொம்ப அதிகம். கழுத்தில் கரண்ட் வைத்தால் மாதங்கள் கழித்தோ வருஷங்கள் கழித்தோ தைராய்டு படுத்துவிடும், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் ஒருமுறை அந்த ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும். தைராய்டு குறைவாக இருக்கிற உடம்பில் புண் ஆறவே ஆறாது போல நத்தை வேகத்தில் ஆறும். மாத்திரை ஆரம்பித்து, நெஞ்சுத் தசையைக் கொண்டுவந்து அந்த ஓட்டைக்கு மேல் போர்த்தி, அதற்கப்புறம் 7 வாரத்தில் மூடியது. ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

சிராவயல் டாக்டர்:
உங்கள் ஐயாவின் அனுபவம் நூற்றுக்கு நூறு சரி. முன்பே கரண்ட் வைத்தது என்பது எங்கள் பட்டியலில் முதல் வரியில் வரும், கூடவே கீமோவும் கொடுத்திருந்தால் இன்னும் மோசம். அதனால்தான் இப்போது பல இடங்களில் கரண்ட் பட்ட கழுத்தில் ஓட்டை விழும்வரை காத்திருக்காமல், முதல் ஆபரேஷனிலேயே கரண்ட் படாத இடத்திலிருந்து தசையைக் கொண்டுவந்து தையலுக்கு மேல் போர்த்திவிடுகிறோம். கோட்டையூர் அக்கா, அப்பாவுக்குக் கரண்ட் முன்னால் வைக்கவில்லை. அந்தப் பெரிய காரணம் இங்கே இல்லை என்பது உண்மையிலேயே நல்ல செய்தி.

தேவகோட்டை பெரியவர்:
சிஸ்டர், நீங்கள் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். எனக்கு 74 வயது, இதுவரை யாரும் கணக்குப் போட்டுக் காட்டியதில்லை. என் தம்பி குடல் ஆபரேஷன் முடிந்து வந்தபோது 40 நாள் ரசமும் கஞ்சியும்தான் கொடுத்தோம். நல்லது என்று நினைத்துத்தான் கொடுத்தோம். சரி, மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தையல் மேல் தடவலாமா, அதையும் கேட்டுவிடுகிறேன்.

வார்டு சிஸ்டர்:
ஐயா, அன்றைக்குத் தெரிந்ததை வைத்துச் செய்தீர்கள். தையல் ஆறும்வரை மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். குன்றக்குடியிலிருந்து திருநீறு கொண்டுவந்தால் நெற்றியில் வையுங்கள், கழுத்துக் கட்டுப் பக்கம் வேண்டாம்.

தங்கச்சி, இன்னொன்று மறந்துவிட்டேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மழமழவென்று இருக்கட்டும் என்று சலூனில் கழுத்து, நெஞ்செல்லாம் பிளேடு போட்டுக்கொண்டு வருகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி புகுந்துகொள்ளும். தாடி அப்படியே இருக்கட்டும். எடுக்க வேண்டிய முடியை இங்கே கிளிப்பரால் எடுப்போம். முந்தின ராத்திரியும் காலையிலும் சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டு வந்தால் போதும்.

கோட்டையூர் மகள்:
இன்று 22ஆம் நாள், நாளை மறுநாள் ஆபரேஷன். நாளைக்குக் காலை மதுரைக்குக் கிளம்புகிறோம். இன்சுலினுக்கு மாற்றி, காலை சுகர் கடைசி பத்து நாளாக 120லிருந்து 150க்குள். எடை 54.5. பாக்கு இல்லாமல் 17 நாள், அதில் இரண்டு நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை அப்பா. பல் மூன்று எடுக்க வேண்டும், ஆபரேஷனோடு சேர்த்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா கும்மாய மாவை உப்புக் கஞ்சியாக்க முதலில் மறுத்தார்கள், இப்போது அவர்களே அதைத்தான் குடிக்கிறார்கள்.

ஆபரேஷன் முடிந்து நான் என்ன பார்க்க வேண்டும்?

வார்டு சிஸ்டர்:
முதல் மூன்று நாள் வாய்க்குள் வைத்த தசையின் நிறத்தை நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்போம். வெளிறினால் ரத்தம் வரவில்லை, கருநீலமானால் ரத்தம் திரும்பிப் போகவில்லை. தொண்டைக் குழாயைக் கட்டுகிற நாடா, நெஞ்சிலிருந்து தசை ஏறி வருகிற பக்கம் அழுத்தக் கூடாது, அதை நீங்களும் கவனிக்கலாம். அப்பா அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்துவிடாமல் பாருங்கள். டிரெயினில் வருவது நாளுக்கு நாள் குறைய வேண்டும், 24 மணி நேரத்துக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தால் எடுப்பார்கள். ட்யூபில் பால் கொடுத்தபிறகு டிரெயினில் வெள்ளையாகப் பால் மாதிரி வந்தால் உடனே சொல்லுங்கள், கழுத்தின் கீழே நிணநீர்க்குழாய் கசிகிறது என்று அர்த்தம். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைதான் எச்சில் கசிவுக்குக் காலம். காய்ச்சல், தையலைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், துர்நாற்றம். எதுவானாலும் ரவுண்ட்ஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள். புண்ணிலிருந்து கொஞ்சமாக ரத்தம் கொப்பளித்து தானே நின்றுவிட்டால்கூட, நின்றுவிட்டதே என்று விடாமல் அந்த நிமிஷமே கூப்பிடுங்கள். பெரிய குழாய் வெடிப்பதற்கு முன் அப்படித்தான் எச்சரிக்கும்.

புதுவயல் மில்காரர்:
அம்மா, அப்பாவுக்கு ஒரு சிலேட்டும் சாக்பீஸும் வாங்கிக்கொண்டு போ. பேச முடியாத நாட்களில் எழுதிக் காட்ட. எனக்கு அது இல்லாமல்தான் பாதிக் கோபம்.

கோட்டையூர் மகள்:
ஆபரேஷன் 9 மணி நேரம் ஆனது. தசையின் நிறம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். சிலேட்டில் முதலில் எழுதியது ‘சுகர் எவ்வளவு’. 168.

கோட்டையூர் மகள்:
சிஸ்டர், இன்று ஏழாம் நாள். தாடைக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு, லேசான வாடை. காய்ச்சல் 100. ராத்திரி மணி 11, இங்கே எல்லோரும் தூங்குகிறார்கள், காலையில் சொல்லலாமா?

வார்டு சிஸ்டர்:
இப்போதே டூட்டி டாக்டரை எழுப்புங்கள். அதற்காகத்தான் அவர் அங்கே இருக்கிறார்.

கோட்டையூர் மகள்:
எழுப்பினேன். இரண்டு தையலை எடுத்து அழுத்தியதும் சீழோடு கொஞ்சம் எச்சிலும் வந்தது. கழுவி, துணித் திரி வைத்துக் கட்டி, வாயால் எதுவும் கூடாது, ட்யூபில் மட்டும் என்று சொல்லிவிட்டார்கள். இவ்வளவு செய்தும் இப்படியா என்று நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன்.

சிராவயல் டாக்டர்:
அக்கா, எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் சிலருக்குக் கசியும். பெரிய கட்டி, தாடை எடுத்த ஆபரேஷன், நீண்ட நேரம், இவை யார் கையிலும் இல்லை. ஆனால் சின்ன ஓட்டையாக, சீக்கிரமே கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டையாக, கீழே சதை சிவப்பாக உயிரோடு இருக்கிற ஓட்டையாக இருக்கிறதே, அதற்கு நீங்கள் அந்த 24 நாளில் செய்தது கைகொடுக்கும். புரதக் கணக்கை ட்யூபிலும் விடாதீர்கள்.

கோட்டையூர் மகள்:
கசிவு 12 நாளில் நின்றது. நேற்றோடு கட்டும் இல்லை. ஆபரேஷன் முடிந்து இன்று 34ஆம் நாள், கரண்ட் வைப்பதற்காக அப்பாவின் முகத்துக்கு அச்சு எடுத்தார்கள், அடுத்த திங்கள் தொடங்குகிறது. ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், அதற்குள் வந்துவிட்டோம். எங்கள் தெருப் பெரியப்பாவின் மகனிடமும் இந்த இழையைக் காட்டினேன். ரொம்ப நேரம் படித்துவிட்டு, அவர் அப்பா கடைசிவரை ரசச்சோறுதான் சாப்பிட்டார் என்று மட்டும் சொன்னார்.

பள்ளத்தூர் பேரன்:
ஆச்சி, கரண்ட் தொடங்கும் முன்பே டிஎஸ்ஹெச் ஒரு தடவை எடுத்து ஃபைலில் வைத்துவிடுங்கள்.

கோட்டையூர் மகள்:
இன்று காலை ரத்தம் கொடுத்துவிட்டோம். சாயந்திரம் ரிசல்ட்.